காரிக் துரை அடித்த பந்து

இந்தக் கதையை எனக்குச் சொன்ன அமலி இதில் எதையும் பார்த்தவள் இல்லை. அவளுக்குச் சொன்ன அவளுடைய சித்தப்பாவும் பார்த்தவர் இல்லை. அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு "எல்லாரும்தான்" என்றாராம். ஆகவே இது எத்தனை வாய் மாறி என்னிடம் வந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நானாகச் சேர்த்தது ஒன்றும் இல்லை. சேர்த்திருந்தால் இதைவிட நம்பும்படியாகச் சேர்த்திருப்பேன்.

அயர்லாந்து தேசத்தின் மேற்குக் கரையில், எந்நேரமும் தூறிக்கொண்டிருக்கிற ஓர் ஊரில், காரிக்பான் பிரபுவின் மூத்த மகனாகப் பிறந்த காரிக் துரை, இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் ஒரே ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பினார், அது மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. திரும்பியதும், குடும்பத்து நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த குடிகளையெல்லாம் கிளப்பிவிட்டு, அந்த இடத்தில் புல் வளர்த்து ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். குடிகள் கப்பலேறி எங்கெங்கோ போய்விட்டார்கள். புல் நன்றாக வந்தது. மட்டையோடு போய் நடுவில் நின்ற பிறகுதான், தனக்குப் பந்து போட அந்த வட்டாரத்தில் ஓர் ஆள்கூட மிச்சமில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஆள் நிறைய இருக்கிற தேசம் எது என்று விசாரித்து, காப்பித் தோட்டம் வாங்குகிற சாக்கில், ஆனைக்கல்மேடு என்ற நம்முடைய மலையூருக்கு வந்துசேர்ந்தார்.

ஆனைக்கல்மேட்டில் சமதரை என்று இருந்தது ஒரே ஓர் இடம்தான். அதில் மலையாண்டியின் ஆட்கள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். துரை அயர்லாந்தில் செய்ததையே இங்கேயும் செய்தார், பழகிய வேலை என்பதால் இந்த முறை சீக்கிரமே முடிந்தது. ஆனால் குடிகளைக் கண்காணாமல் விரட்டிவிட்டால் பந்து போட ஆள் இருக்காது என்பதை மறக்காமல், மைதானத்திலிருந்து கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில், அட்டைப்பள்ளத்தில் அவர்களைக் குடிவைத்தார். அட்டைப்பள்ளத்தில் தரை காய்வதில்லை. சுவரோரம் தண்ணீர் கசியும், அடுப்புச் சாம்பல் சேறாகக் கிடக்கும், தொட்டிலில் போட்ட பிள்ளையின் காதோரத்தில் அட்டை ஏறும். மலையாண்டியின் மனைவி சடைச்சி முதல் பிள்ளையை அந்த ஈரத்தில் காய்ச்சலுக்குக் கொடுத்தாள். இரண்டாவதை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம், பிள்ளையப் போட ஒரு காஞ்ச தரை வேணும்."

இனி ஆட்டத்தின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் வந்து நிற்கிறது. துரைமார்கள் மட்டை பிடிப்பார்கள். வேலைக்காரர்கள் பந்து போடுவார்கள், பந்து பொறுக்குவார்கள். மட்டை பிடிக்கிற முறை வேலைக்காரர்களுக்கு வருவதே இல்லை. கூலி வாங்காமல் விளையாட்டுக்காக மட்டுமே ஆடுகிறவர் என்பதில் காரிக் துரைக்குப் பெரிய பெருமை. மலையாண்டியும்கூடக் கூலி வாங்காமல்தான் பந்து பொறுக்கினான், ஆனால் அதை யாரும் பெருமையாகச் சொல்லவில்லை. பந்து போடுகிறவன் சடைச்சியின் தம்பி வீரணன். அம்பயராக நின்றவர் துரைமார் கிளப்பின் பட்லர் சவரிநாதன், ஏனென்றால் விதிப்புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த ஊர்க்காரர் அவர் ஒருவர்தான். ஒருவர் அவுட் ஆனாலும், பந்து பொறுக்குகிற பக்கத்திலிருந்து யாராவது வாய்திறந்து "அவுட்டா?" என்று கேட்டால்தான் அம்பயர் விரலைத் தூக்கலாம். கேட்காவிட்டால், ஊரே பார்த்திருந்தாலும் அவுட் இல்லை. இது விதி. வேலைக்காரர்கள் துரைமார் முன்னால் சத்தம் போடக் கூடாது என்று கிளப் வாசலில் பலகை தொங்கியது. அது கிளப்பின் விதி. இரண்டு விதியும் சேர்ந்த இடத்தில், துரைமார்கள் தங்களுக்கு எப்போது போதும் என்று தோன்றுகிறதோ அப்போது அவுட் ஆனார்கள். காரிக் துரைக்குப் போதும் என்று தோன்றியதே இல்லை.

சடைச்சி கேட்டதற்குப் பிறகு மலையாண்டி நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு போய், பட்லர் மூலமாகத் துரையிடம் பழைய இடத்தைக் கேட்டான். துரை அன்று நல்ல மனநிலையில் இருந்தார். மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்னங்கய்யா சொல்றாரு?" என்றான் மலையாண்டி.

"தன்னை அவுட் ஆக்குற அன்னைக்கு மைதானம் உங்களுக்காம்" என்றார் சவரிநாதன்.

"நெசமாவா?"

"பிரபு வீட்டு வாக்குய்யா. இந்த மாதிரி ஆளுங்க நிலத்தைப் பிடுங்குவாங்க, வாக்கு மாற மாட்டாங்க."

அடுத்த ஆட்டத்தில்தான் அது நடந்தது. வீரணன் ஓடிவந்து பந்தைப் போட்டான், துரை முன்காலை நீட்டி ஓங்கி அடித்தார், பந்து நேராக மேலே போனது, மலையாண்டி அதற்கு நேர்கீழே போய் நின்று இரண்டு கையையும் குவித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான், பந்து வரவில்லை.

துரை விதிப்படி ஓட ஆரம்பித்திருந்தார். எதிர்முனையில் மட்டையோடு நின்ற இன்னொரு துரையான சர்வேயரும் ஓடினார். ஒரு ரன் ஓடினார்கள், இரண்டு ஓடினார்கள், பந்து இன்னும் மேலேயே இருந்ததால் மூன்றும் நான்கும் ஓடினார்கள். பொழுது சாய்ந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் ஊர் எழுந்து பார்த்தபோது, மைதானத்துக்கு மேலே, கழுகு வட்டமிடுகிற உயரத்துக்குச் சற்று மேலே, சிவப்பாக ஒரு மிளகளவு பந்து நின்றுகொண்டிருந்தது. கீழே மலையாண்டி நின்றுகொண்டிருந்தான். துரை ஓடிக்கொண்டிருந்தார்.

"பந்து ஆட்டத்துலதான் இருக்கு" என்றார் சவரிநாதன். "யாரும் போகக் கூடாது."

"எப்ப வரும்?" என்று கேட்டாள் சடைச்சி, கஞ்சிச் சட்டியோடு.

"அது புத்தகத்துல இல்ல தாயி."

முதல் வாரம் பக்கத்து மலைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். இரண்டாவது வாரம் வேடிக்கை பார்ப்பவர்களுக்குச் சுண்டல் விற்றவனுக்கே வியாபாரம் போதவில்லை. அதன்பின் ஊர் அந்தப் பந்தைத் தனக்கு வேண்டிய வேலைக்கெல்லாம் வைத்துக்கொண்டது. மூடுபனியில் காப்பி பறிக்கப் போனவர்கள் அதைப் பார்த்து வழி தெரிந்துகொண்டார்கள். சாப்பிட மறுத்த பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டிய தாய்மார்கள், நிலா இல்லாத நாளிலும் காட்ட ஒன்று கிடைத்ததென்று சந்தோஷப்பட்டார்கள். பந்து மங்கலாகத் தெரிந்தால் மழை, பளிச்சென்று தெரிந்தால் வெயில் என்று ஆனது. பாதிரியார் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பூசாரியும் சொல்லவில்லை. இருவருமே மற்றவர் முதலில் சொல்லட்டும் என்று இருந்ததாகக் கேள்வி.

மலையாண்டி முகத்தைக் கீழே இறக்கவில்லை. சடைச்சி கஞ்சியைக் கரண்டியால் அவன் வாயில் ஊற்றினாள். தூங்கும்போதும் கண்ணைத் திறந்துகொண்டு, கையைக் குவித்துக்கொண்டுதான் தூங்கினான். மழை பெய்தால் குவித்த கையில் தண்ணீர் நிறையும், அதையே குடித்துக்கொள்வான்.

"மச்சான், கொஞ்ச நேரம் நான் நிக்கிறேன், நீ போய்ப் படு" என்றான் வீரணன்.

"நீ எத்தனை கேட்ச் விட்டிருக்கேன்னு எனக்குத் தெரியும் மாப்ளே."

"அது நம்ம தெருவுல ஆடுனப்ப."

"தெருவுல விட்டவன் இங்க பிடிச்சிருவியா? போய்யா, போய் உன் எடத்துல நில்லு."

முதல் பெருமழை வந்ததும் ஊர் சேர்ந்து மலையாண்டிக்கு ஒரு பந்தல் போட்டது. தென்னங்கீற்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு மலையேறிவந்து, நல்ல மூங்கில் நட்டு, ஒழுகாமல் நெருக்கமாக வேய்ந்து முடித்து, எல்லாரும் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பந்தலுக்குள்ளிருந்து மலையாண்டியின் குரல் வந்தது: "ஏப்பா, பந்து எப்படிய்யா உள்ள வரும்?"

பிறகு ஓட்டை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சண்டை வந்தது. பெரிதாக வைத்தால் பந்தல் போட்டதற்கு அர்த்தமில்லை என்றது ஒரு கட்சி. சிறிதாக வைத்தால் மலையாண்டி நின்றதற்கு அர்த்தமில்லை என்றது இன்னொரு கட்சி. கடைசியில் சவரிநாதனிடம் அளவு கேட்டு, ஒரு பந்து நுழையும்படி ஓட்டை வைத்தார்கள். அதன்பின் அந்த மலையில் பெய்த மழை முழுவதும் அந்த ஓட்டை வழியாக மலையாண்டியின் முகத்தில் மட்டும் விழுந்தது.

காரிக் துரையின் வாழ்க்கையும் நிற்கவில்லை, அதுவும் அவரோடு சேர்ந்து அந்த இரண்டு விக்கெட்டுகளுக்கு நடுவில் ஓடியது. அயர்லாந்தில் அவருடைய தகப்பனார் இறந்த செய்தி வந்தபோது அவர் தொப்பியை மட்டும் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு ஓடினார். அப்படித்தான் அவர் பிரபு ஆனார். நிச்சயம் செய்த பெண் கப்பலேறி, மாட்டுவண்டியேறி, டோலியேறி மலைக்கு வந்தாள். பாதிரியார் கூடவே ஓடிக்கொண்டு மந்திரம் சொன்னார், பெண் வெள்ளைப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியபடியே சம்மதம் சொன்னாள். அடுத்த மழைக்காலம்வரை அவளும் குடையோடு கூடவே நடந்து பார்த்தாள், பிறகு ஊருக்குப் போய்விட்டாள். சர்வேயருக்கு மூட்டு தேய்ந்து போனது. அடிபட்டவருக்குப் பதிலாக ஓட இன்னோர் ஆளை விடலாம் என்று சவரிநாதன் சொன்னதால், துரையின் குதிரைக்காரன் அவருக்குப் பதிலாக ஓடினான். குதிரைக்காரன் கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றான், அந்தப் பிள்ளை வளர்ந்து அவனுக்குப் பதிலாக ஓடினான். ரன் எண்ணுகிற வேலையை முதல் மாதமே விட்டுவிட்டார்கள். ஆனால் துரை எண்ணிக்கொண்டிருந்தார். உதடு அசைவது தெரியும்.

ஓடி ஓடி அந்தத் தரை பள்ளம் விழுந்தது. முதலில் கணுக்கால் மறைந்தது, அப்புறம் முழங்கால், பிறகு இடுப்பு. மலையாண்டியின் மகள் ஆளாகிக் கல்யாணமாகி அதே பந்தலுக்குள் அப்பாவின் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கியபோது, அவன் குனிய முடியாததால் சடைச்சி விபூதியை அவன் விரலில் தொட்டு எடுத்து மகள் நெற்றியில் பூசினாள். அந்த மகளும் தன் பிள்ளையை அட்டைப்பள்ளத்தில்தான் தொட்டிலில் போட்டாள். அன்றைக்குத் துரையின் தொப்பியும் தோளும் மட்டும்தான் தரைக்குமேல் தெரிந்தன. மலையாண்டியும் துரையும் இத்தனை காலத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் துரை இருமினால், "தொரைக்கு நெஞ்சுச் சளி இன்னும் போகல" என்பான் மலையாண்டி, மேலே பார்த்தபடியே.

ஒரு சாதாரணமான நாள் காலையில் பந்து வந்தது. எந்த அறிகுறியும் இல்லை. தூறிக்கொண்டிருந்தது. சடைச்சி கஞ்சியோடு வந்துகொண்டிருந்தாள். அத்தனை சண்டை போட்டு அளந்து வைத்த ஓட்டையை விட்டுவிட்டு, அதற்கு ஒரு முழம் தள்ளிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு பந்து உள்ளே இறங்கியது. மலையாண்டி ஒரே ஓர் அடி இடதுபக்கம் வைத்துக் கீற்றும் தூசியுமாக அதைப் பிடித்தான்.

துரை நின்றார். அவருடைய ஓட்டச் சத்தம் நின்றதும்தான், அப்படி ஒரு சத்தம் இத்தனை காலமும் இருந்தது என்பதே ஊருக்குத் தெரிந்தது.

சவரிநாதனின் வலதுகை ஆள்காட்டி விரல் தானாகத் துடித்தது. கிளப்பின் செயலாளர் ஹாரிங்டன் வராந்தாவிலிருந்து இறங்கி வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாரும் கேட்கவில்லையே" என்றார்.

"கேளுய்யா" என்று பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள் சடைச்சி. "வாயத் தெறந்து கேளுய்யா."

துரை குழிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். குரலே வரவில்லை. சவரிநாதன் குனிந்து கேட்டுவிட்டுச் சொன்னார்: "கேட்டா போயிடுறேங்கிறாரு. கேக்காம போனா அது முறையில்லையாம். இன்னொண்ணும் சொல்றாரு. கேட்ச் ஆயிட்டா, இவ்வளவு நாள் ஓடின ரன் ஒண்ணுகூடக் கணக்குல வராதாம். அது பரவாயில்லையாம், கேக்கச் சொல்றாரு."

மலையாண்டி அத்தனை வருஷத்துக்குப் பிறகு முகத்தைக் கீழே இறக்கினான். கழுத்தில் நெட்டி முறிந்தது. குழிக்குள் ஒரு கிழவர் நின்றிருந்தார், கால்சட்டை முழங்காலில் கிழிந்து, மட்டையை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு. கேட்க வேண்டும் என்றுதான் மலையாண்டி வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"போதும் தொரை" என்றான். "உக்காருங்க."

துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் உட்கார்ந்தார். குழியின் ஓரத்தில் முதுகைச் சாய்த்து, மட்டையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டார். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. சவரிநாதன் தொப்பியைக் கழற்றியபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

ஹாரிங்டன் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்து, "அவன் சொன்னது கேள்வியா?" என்றார்.

"இல்ல சார். உபசாரம்" என்றார் சவரிநாதன்.

"அப்படியானால் ஆட்டம் இன்னும் முடியவில்லை. சரி, இப்போது கேட்கச் சொல். கேட்டதும் நீ விரலைத் தூக்கு. இவர்தான் கடைசி ஆட்டக்காரர், அவுட் என்றால் ஆட்டம் முடிந்தது. வாக்குக் கொடுத்தவர் இப்போது இல்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் மைதானத்தைவிட்டு வெளியே போகலாம்."

சவரிநாதன் இதைத் தமிழில் சொன்னார். அது எதையும் கூட்டாமல் குறைக்காமல் செய்த மொழிபெயர்ப்பு என்று அமலியின் சித்தப்பா அழுத்திச் சொன்னாராம். மலையாண்டி பந்தைக் கைக்குள் உருட்டிக்கொண்டே கேட்டான்.

"ஆட்டம் நடக்குறப்ப பந்து பொறுக்குறவங்களை மைதானத்தைவிட்டு யாராச்சும் வெரட்ட முடியுங்களாய்யா?"

"முடியாது."

"எங்க வேணா நிக்கலாமா?"

"பந்து பொறுக்குறவன் எங்க வேணா நிக்கலாம்."

"அப்ப நான் கேக்கல" என்றான் மலையாண்டி.

"கேள்!" என்று கத்தினார் ஹாரிங்டன், தமிழிலேயே. "கேள், மேன்!"

"அதெப்படிங்க தொரை? வேலைக்காரங்க சத்தம் போடக் கூடாதுன்னு வாசல்ல பலகை தொங்குதே."

ஊர் மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. ஹாரிங்டன் சவரிநாதன் பக்கம் திரும்பினார். "அப்படியானால் நேரம் முடிந்தது என்று அறிவி!"

"டீ வந்தாத்தான் சார் நேரம் முடியும்."

"டீயைக் கொண்டு வரச் சொல்!"

"டீ கொண்டு வர்றது நான்தான் சார். ஆட்டம் நடக்குறப்ப அம்பயர் எடத்தைவிட்டு நகரக் கூடாது."

கடைசியாக ஹாரிங்டன், துரைக்குப் பதிலாகத் தானே மட்டையை எடுத்துக்கொண்டு ஆடி அவுட் ஆகி ஆட்டத்தை முடித்துவிடுவது என்று தீர்மானித்து, குழிக்கு இந்தப் பக்கம் போய் நின்று, அடுத்த பந்தைப் போடச் சொன்னார். அந்த ஓவரை முடிக்க வேண்டியவன் வீரணன். அவனுக்கும் இப்போது தலை நரைத்திருந்தது.

"வர்றேன் தொரை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வீரணன் ஓடிவருவதற்காகப் பின்னால் நடக்க ஆரம்பித்தான். வழக்கமாகத் திரும்புகிற இடத்தைத் தாண்டியும் நடந்தான். கொடி நட்டிருந்த எல்லையைத் தாண்டினான். சரிவில் இறங்கினான். அட்டைப்பள்ளத்துக்கே போய்விட்டான். ஹாரிங்டன் மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு குனிந்து காத்திருந்தார். வெகுநேரம் கழித்து வீரணன் திரும்பி வந்தபோது நடந்துதான் வந்தான், அவன் தோளில் அவன் வீட்டு நடுத்தூண் இருந்தது, அவனுக்குப் பின்னால் கீற்றும் மூங்கிலும் அம்மியும் ஆட்டுக்கல்லுமாக அட்டைப்பள்ளமே வந்துகொண்டிருந்தது.

"எங்க நடணும் மச்சான்?"

"நீ ஓடிவர்ற வழியிலயே நடு மாப்ளே" என்றான் மலையாண்டி. சடைச்சி அவன் கையிலிருந்த பந்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, கூடையிலிருந்த பேரப்பிள்ளையைத் தூக்கி, பந்தலுக்கு அடியில் காய்ந்த தரையாகப் பார்த்துக் கிடத்தினாள்.

அடுத்த பந்து போட்டால்தான் ஆட்டம் நகரும், கேட்டால்தான் ஆட்டம் முடியும். இரண்டும் நடக்கவில்லை. ஹாரிங்டன் வழக்குப் போட்டதாகவும், நீதிபதி கிரிக்கெட் தெரிந்தவராக இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று எழுதிவிட்டதாகவும் சொல்கிறார்கள். நான் தேடிப் பார்த்தவரை அப்படி ஒரு தீர்ப்பு கிடைக்கவில்லை. ஆகவே அதை நம்ப வேண்டாம்.

ஆனால் ஒன்றைச் சரிபார்த்தேன். அந்தக் காலத்து விதிப்புத்தகம் எனக்குக் கிடைக்கவில்லை, இன்றைக்கு நடப்பில் இருக்கிற கிரிக்கெட் விதிகளைத்தான் படித்தேன். அவுட்டா என்று கேட்பதற்குக் காலக்கெடு, பந்து போடுகிறவர் அடுத்த பந்துக்கு ஓடிவரத் தொடங்கும் வரை, அல்லது நேரம் முடிந்தது என்று அறிவிக்கும் வரை. அதற்குள் எப்போது கேட்டாலும் செல்லும்.